கொழுப்பு ஆல்கஹால்: மலையில் கிரீமும் கண்டிஷனரும் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டிலும் மகளிர் குழுக்களிலும் கிரீம், கண்டிஷனர், தைலப் பூச்சு செய்பவர்கள், கிரீமைக் கெட்டியாக்கும் மெழுகு போன்ற கொழுப்பு ஆல்கஹால்களான செட்டைல் ஆல்கஹாலைப் பற்றியும் செட்டோஸ்டீரைல் ஆல்கஹாலைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். கோயம்புத்தூரில் ஒழுங்காக வரும் கிரீம் இங்கே வந்தால் ஏன் கெடுகிறது என்பதுதான் பல கேள்விகளுக்கும் அடியில் இருப்பது. பெரும்பாலும் குளிர்தான் அதற்குப் பதில்.

"பேர்லயே ஆல்கஹால்னு இருக்கே, இது சாராயம் மாதிரியா?"

இல்லை. கார்பன் சங்கிலியின் நுனியில் ஓர் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் ரசாயனத்தில் அதற்கு ஆல்கஹால் என்று பெயர். சாராயத்தில் இருக்கும் எத்தனாலில் 2 கார்பன். செட்டைல் ஆல்கஹாலில் 16, ஸ்டீரைல் ஆல்கஹாலில் 18. சங்கிலி இவ்வளவு நீண்டுவிட்டால் பொருள் மெழுகாகிவிடும்: வெள்ளைச் செதில், வாடை இல்லை என்றே சொல்லலாம், தண்ணீரில் கரையாது, காற்றில் ஆவியாகாது, போதையும் தராது.

எத்தனால் தோலை உலர்த்தும். இது தோல் மேல் மெல்லிய படலமாக நின்று ஈரம் போகாமல் காக்கும். அமெரிக்காவில் 'ஆல்கஹால் இல்லாதது' என்று அச்சிட்ட ஒப்பனைப் பொருளில்கூட செட்டைல், ஸ்டீரைல் ஆல்கஹால் இருக்கலாம். அங்கே அந்தச் சொல் எத்தனாலை மட்டுமே குறிக்கிறது.

"திமிங்கலத்துலருந்து எடுக்கிறதுன்னு சொல்றாங்களே, சைவமா அசைவமா?"

பெயர் வந்தது அங்கிருந்துதான். 1817-இல் பிரெஞ்சு வேதியியலர் செவ்ரல், ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலையில் கிடைக்கும் மெழுகைக் காரத்தோடு சூடாக்கி இதைப் பிரித்தார். திமிங்கலத்துக்கான லத்தீன் சொல்லான 'சீட்டஸ்' பெயரில் ஒட்டிக்கொண்டது. வணிகத் திமிங்கல வேட்டைக்கு 1986-இல் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது. இன்று சந்தையில் இருப்பது பாமாயிலிலிருந்தோ பெட்ரோலிய எத்திலீனிலிருந்தோ வருகிறது. தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலத்தை எஸ்டராக்கி, அதிக அழுத்தத்தில் தாமிர வினையூக்கியோடு ஹைட்ரஜன் ஏற்றினால் கொழுப்பு ஆல்கஹால் கிடைக்கும். மாட்டுக் கொழுப்பிலிருந்தும் செய்ய முடியும். உங்களுக்கு அது முக்கியமென்றால் 'தாவர மூலம்' என்று எழுதிய சான்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

"செட்டைல், ஸ்டீரைல், செட்டோஸ்டீரைல், எதை வாங்கறது?"

முதல்முறை வாங்குகிறவர்களுக்குச் செட்டோஸ்டீரைல். அது முதல் இரண்டின் கலவை. செட்டைல் சுமார் 49 டிகிரி செல்சியஸிலும் ஸ்டீரைல் 59-ஐ ஒட்டியும் உருகும். கலவை 48-லிருந்து 56 டிகிரிக்குள் உருகும். தனிச் செட்டைலிலும் தனி ஸ்டீரைலிலும் செய்த கிரீம், நாள் ஆக ஆகப் படிகம் கட்டி நீர்த்துப் போகும். இரண்டும் கலந்திருந்தால் ஒன்றின் படிகத்தை மற்றொன்று வளரவிடாது, கிரீம் மாதக்கணக்கில் நிற்கும். விலை வித்தியாசமும் பெரிதாக இராது.

22 கார்பன் கொண்ட பெஹெனைல் ஆல்கஹால் 70 டிகிரியை ஒட்டி உருகும். கெட்டியான கண்டிஷனருக்கு நல்லது, ஆனால் மலைக்குளிரில் அதைக் கையாள்வது கடினம். பழகிய பிறகு தொடுங்கள்.

"கடைக்காரர் கொடுத்தது ஸ்டீரிக் ஆசிட்டா இதுவான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

இரண்டும் வெள்ளைச் செதில், பெயரும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும். கடையில் மாறிப்போவது சகஜம். ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் சலவைச் சோடாவைக் கரைத்து, சூடு ஆறுமுன் ஒரு சிட்டிகைச் செதிலைப் போட்டுக் கலக்குங்கள். ஸ்டீரிக் ஆசிட் என்றால் பொடிப்பொடியாகக் குமிழி விட்டு, நீர் சோப்புத் தண்ணீராகக் கலங்கி நுரைக்கும். கொழுப்பு ஆல்கஹால் என்றால் உருகி எண்ணெய்ப் படலமாக மேலே மிதக்கும், ஆறியதும் மெல்லிய வெள்ளைத் தகடாக உறையும்.

பாரஃபின் மெழுகும் அப்படியே மிதக்கும். அந்தச் சந்தேகம் வந்தால் வெதுவெதுப்பான ஸ்பிரிட்டில் ஒரு துணுக்கைப் போட்டுப் பாருங்கள். கொழுப்பு ஆல்கஹால் கரையும், பாரஃபின் கரையாது. ஸ்பிரிட்டை அடுப்பில் வைக்காதீர்கள். ஸ்பிரிட் இருக்கும் சிறு பாட்டிலை வெந்நீரில் நிற்க வைத்தால் போதும், பக்கத்தில் தீ எதுவும் எரியக் கூடாது.

"இதை மட்டும் போட்டா எண்ணெயும் தண்ணியும் கலந்துடுமா?"

கலக்காது. வீணாகும் கிரீம்களில் பெரும்பகுதி இந்த ஒரு நம்பிக்கையால்தான் வீணாகிறது. எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரில் பிரித்துப் பிடித்து வைப்பது எமல்சிஃபையரின் வேலை. கொழுப்பு ஆல்கஹால் அந்த எமல்சிஃபையரோடும் தண்ணீரோடும் சேர்ந்து அடுக்கடுக்கான வலை கட்டும். கிரீமுக்கு உடம்பு கொடுப்பது அந்த வலைதான். தூண் இல்லாமல் கூரை நிற்காதது போல, எமல்சிஃபையர் இல்லாமல் இது நிற்காது.

"அப்போ எமல்சிஃபையிங் வேக்ஸ்னு விக்கிறது என்ன?"

கொழுப்பு ஆல்கஹாலையும் எமல்சிஃபையரையும் முன்னாலேயே உருக்கிக் கலந்த பொருள். பிரிட்டிஷ் மருந்து நூல் முறைப்படி எமல்சிஃபையிங் வேக்ஸ் என்பது 90 பங்கு செட்டோஸ்டீரைல் ஆல்கஹாலும் 10 பங்கு சோடியம் லாரில் சல்ஃபேட்டும். செட்டோமேக்ரோகால் எமல்சிஃபையிங் வேக்ஸ் என்பது 80 பங்கு செட்டோஸ்டீரைலும் 20 பங்கு செட்டோமேக்ரோகாலும். முன்னதற்கு எதிர் மின்னூட்டம் உண்டு, பின்னதற்கு மின்னூட்டமே கிடையாது. தோலுக்குப் பின்னது மென்மையானது. சோடியம் லாரில் சல்ஃபேட் வறண்ட தோலை எரிக்கக்கூடியது. மலைக்காற்றில் வெடித்த கைக்கு முன்னதைப் போடாதீர்கள். கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். எந்த வகை என்று கேட்டு, பகுப்பாய்வுச் சான்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

"வெடிச்ச கைக்கு ஒரு கிலோ கிரீம், அளவு சொல்லுங்க."

எண்ணெய்ப் பகுதி: செட்டோமேக்ரோகால் எமல்சிஃபையிங் வேக்ஸ் 60 கிராம், செட்டோஸ்டீரைல் ஆல்கஹால் 20, சூரியகாந்தி எண்ணெய் 80, லிக்விட் பாரஃபின் 40. நீர்ப் பகுதி: காய்ச்சி வடித்த நீர் 745, கிளிசரின் 40. ஆறிய பிறகு சேர்ப்பவை: பீனாக்சி எத்தனாலும் எத்தில்ஹெக்சைல் கிளிசரினும் 9-க்கு 1 கலந்த பதப்பொருள் 9, நீலகிரித் தைலம் 5, வைட்டமின் ஈ 1. மொத்தம் 1,000 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் போடுங்கள். கரண்டிக் கணக்கு இதில் உதவாது.

இரண்டு பகுதிகளையும் தனித்தனிப் பாத்திரத்தில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 75 டிகிரிக்குக் கொண்டுவந்து 20 நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். நீர்ப் பகுதியை மறுபடி நிறுத்து, ஆவியான அளவுக்குச் சூடான நீரை ஊற்றிச் சரிசெய்யுங்கள். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரின் தலை முழுவதும் மூழ்கியிருக்கும்படி வைத்து, விட்டு விட்டு 3 அல்லது 4 நிமிடம் அடியுங்கள். பிறகு பிளெண்டரை எடுத்துவிட்டு, அகலமான கரண்டியால் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து மெதுவாகக் கிளறுங்கள். 40 டிகிரிக்கு இறங்கியதும் கடைசி மூன்று பொருள்களையும் சேர்த்து, 30 டிகிரி வரை கிளறி மூடுங்கள்.

"தண்ணி கொதிச்சா போதும்ல, தெர்மாமீட்டர் எதுக்கு?"

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குன்னூரில் 94 சொச்சம். கொதியைப் பார்த்து 100 டிகிரி என்று எடுத்துக்கொண்டு, 'இத்தனை நிமிடம் ஆறவிட்டால் 75' என்று சமவெளியில் எழுதிய கணக்கைப் பின்பற்றினால் இங்கே 60-இலோ 65-இலோ போய் நிற்பீர்கள். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒரே ஒரு கெட்டுப்போன கிரீமின் விலையை மிச்சம் பிடித்துவிடும்.

"மணல் மாதிரி நறநறன்னு வருதே?"

மெழுகு கலக்கும் முன்பே உறைந்துவிட்டது என்று பொருள். இங்கே அது எப்படி நடக்கிறது என்பதைக் கணக்காகவே பாருங்கள். 200 கிராம் எண்ணெய்ப் பகுதியை 75 டிகிரிக்குச் சூடாக்கி, ஜன்னலோரம் இருந்து 12 டிகிரியில் சில்லிட்டிருக்கும் அரைக் கிலோ எவர்சில்வர் பாத்திரத்தில் மாற்றுகிறீர்கள். பாத்திரம் சூட்டை உறிஞ்சி, கலவை ஒரே நிமிடத்தில் 51 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். செட்டோஸ்டீரைல் உறையத் தொடங்கும் இடம் அதுதான். பாத்திரத்தின் சுவரில் பாலாடை போல ஒரு வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும். பிளெண்டர் அதைச் சுரண்டிப் போடும்போது வருவதுதான் மணல்.

கிரீம் கடையப்போகும் பாத்திரம், பிளெண்டரின் தலை, கரண்டி எல்லாவற்றையும் முதலில் வெந்நீரில் போட்டு எடுங்கள். எண்ணெய்ப் பகுதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல், உருக்கிய பாத்திரத்திலிருந்தே ஊற்றுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். கிளறும்போது பாத்திரத்தைச் சுற்றி ஒரு கம்பளித் துணியைக் கட்டினால் ஓரமும் நடுவும் ஒரே வேகத்தில் ஆறும்.

மணல் விழுந்த கிரீமைக் கொட்ட வேண்டாம். நிறுத்துப் பார்த்து, 75 டிகிரிக்குத் திரும்பச் சூடாக்கி, இழந்த நீரைச் சூடாகச் சேர்த்து மறுபடி அடியுங்கள். தைலத்தின் மணம் பறந்திருக்கும், அதைக் கொஞ்சம் திரும்பச் சேர்க்க வேண்டிவரும்.

"ராத்திரி பால் மாதிரி இருந்துச்சுன்னு இன்னும் கொஞ்சம் மெழுகு போட்டேன், காலையில கட்டியாயிடுச்சு."

மெழுகு கட்டும் வலை முழுதாக நிற்க 24 முதல் 48 மணி நேரம் ஆகும். முதல் இரவில் நீர்த்திருப்பது இயல்பு. செய்த அன்று எதையும் சேர்க்காதீர்கள். மூன்றாம் நாள் காலையில், அறைச் சூட்டில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாற்ற வேண்டுமென்றால் அடுத்த முறை செய்யும்போது கிலோவுக்கு 5 கிராம் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். 5 கிராம் வித்தியாசத்தைக் கையே உணர்ந்துகொள்ளும்.

"தேய்க்கும்போது வெள்ளை வெள்ளையா நுரைச்சு நிக்குது, உள்ள போகமாட்டேங்குது."

காரணம் இரண்டு. கொழுப்பு ஆல்கஹால் அதிகம், அல்லது அடிக்கும்போது உள்ளே போன காற்று. மேலே சொன்ன அளவில் வேக்ஸுக்குள் இருப்பதையும் சேர்த்தால் செட்டோஸ்டீரைல் மொத்தம் 68 கிராம், அதாவது 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதைவிட மிகவும் கூடினால் வெள்ளை பூக்கும். பிளெண்டரை மேலே தூக்கித் தூக்கி அடிக்காதீர்கள். இரண்டும் சரியாக இருந்தும் வெள்ளை நின்றால், 40 டிகிரியில் 5 முதல் 10 கிராம் டைமெத்திக்கோன் (சிலிக்கோன் எண்ணெய்) சேருங்கள், வெள்ளை போய்விடும்.

"தேங்காய் எண்ணெய் போட்டா நல்லதுதானே?"

தோலுக்கு நல்லது. ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டியில் வருடத்தின் பெரும்பகுதி அறையே அதைவிடக் குளிர்ச்சி. உறைந்த தேங்காய் எண்ணெயும் கொழுப்பு ஆல்கஹாலும் சேர்ந்தால் கிரீம் விரலுக்கு வளையாது. போட ஆசையென்றால் 80 கிராம் சூரியகாந்தியில் 20 கிராமை மட்டும் தேங்காய் எண்ணெயாக மாற்றி, செட்டோஸ்டீரைலை 15-ஆகக் குறையுங்கள். நல்லெண்ணெய் இந்தத் தொல்லை தராது, வாடையைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"இங்கதான் தைலம் மலிவாச்சே, கூட ஊத்தினா என்ன?"

கிரீம் உடையும். தைலத்திலுள்ள சினியோல், மெழுகு வலையின் அடுக்குகளுக்குள் புகுந்து அவற்றை இளக்கிவிடும். கிலோவுக்கு 5 கிராம் மணத்துக்குப் போதும். 10 கிராம் வரை வலை தாங்கும். 20-ஐத் தாண்டினால் ஒரு வாரத்தில் ஜாடிக்கு அடியில் தண்ணீர் தேங்குவதைப் பார்க்கலாம். சூடாக இருக்கும்போது ஊற்றினால் பாதி ஆவியாகிவிடும், அதனால்தான் 40 டிகிரிக்குப் பிறகு சேர்ப்பது.

காரமான தைலப் பூச்சுதான் வேண்டுமென்றால் தண்ணீரே இல்லாமல் செய்யுங்கள், தேன்மெழுகும் எண்ணெயும் போட்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் முகத்திலோ மூக்கருகிலோ நீலகிரித் தைலம் போட்ட எதையும் தடவக் கூடாது. மூச்சு அடைபடும் அபாயம் உண்டு. தைலத்தைக் குடித்தால் நஞ்சு, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

"கண்டிஷனர் செஞ்சேன், திரிஞ்ச பால் மாதிரி ஆயிடுச்சு."

எந்த எமல்சிஃபையிங் வேக்ஸ் போட்டீர்கள் என்று பாருங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் உள்ள வகைக்கு எதிர் மின்னூட்டம் என்று மேலே சொன்னோம். கண்டிஷனரில் முடியோடு ஒட்டும் செட்ரிமோனியம் குளோரைடுக்கு நேர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தயிராகத் திரியும். இதைச் சரிசெய்ய வழியில்லை.

கண்டிஷனருக்கு வேக்ஸ் கலவையே வேண்டாம், தனிச் செட்டோஸ்டீரைல் ஆல்கஹால் போதும். கிலோவுக்கு 50 கிராம் எடுங்கள். செட்ரிமோனியம் குளோரைடு 30 சதவீதக் கரைசலாக விற்கும், அதில் 40 கிராம். அதாவது செயல்படும் பொருள் 12 கிராம், கொழுப்பு ஆல்கஹால் அதைப்போல் நான்கு மடங்கு. இந்த விகிதத்தில்தான் வலை நன்றாகக் கட்டும். சூட்டு முறை கிரீமுக்குச் சொன்னதுதான். ஆறியதும் சிட்ரிக் அமிலக் கரைசலால் பி.எச். 4-க்கும் 4.5-க்கும் நடுவே கொண்டுவாருங்கள்.

"இங்க ஃபிரிட்ஜ் மாதிரி குளிரு, பதப்பொருள் எதுக்கு?"

குளிர் கிருமியைக் கொல்லாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். பூஞ்சைக்கு இந்த ஈரம் பிடித்தமானது. முக்கால் பங்கு தண்ணீர் உள்ள எந்தக் கிரீமும் பதப்பொருள் இல்லாமல் இரண்டு வாரம் தாங்காது. கண்ணுக்குப் பூஞ்சை தெரியுமுன்பே உள்ளே பாக்டீரியா பெருகியிருக்கும். ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது குடிக்கத்தான், கிரீமுக்குக் காய்ச்சி வடித்த நீர். பீனாக்சி எத்தனால் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

"முகப்பரு வருமா? அலர்ஜி?"

பெரும்பாலானோருக்கு எதுவும் செய்யாது. செட்டோஸ்டீரைல் ஆல்கஹாலுக்குத் தொடு ஒவ்வாமை உள்ளவர்கள் சிலர் இருக்கிறார்கள். முக்கியமாக, காலில் ஆறாத புண்ணுக்கு நெடுநாள் களிம்பு போட்டவர்கள். முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இருமுறை, 7 நாள் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் வழியும் முகத்துக்கு இந்தக் கைக் கிரீம் வேண்டாம்.

"மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினா இளகிப் போகுது."

15 டிகிரியில் அளவாகத் தெரியும் கெட்டி, 38 டிகிரியில் நிற்காது. கீழே விற்பதற்குத் தனி அளவு வையுங்கள்: கூடுதல் செட்டோஸ்டீரைலை 20-லிருந்து 25 கிராமாக்கி, லிக்விட் பாரஃபினை 5 குறையுங்கள். ஒரு ஜாடியை 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஒரு நாள் முழுக்க வைத்து, எண்ணெய் மேலே பிரிகிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். ஜனவரியில் உறைபனி விழும் இரவில் ஜாடிகளை வெளித் திண்ணையில் விடாதீர்கள். உறைந்து உருகும் நீர் வலையைக் கிழித்துவிடும்.

"விக்கிறதுக்கு லைசென்ஸ் வேணுமா? குழுவாத்தானே செய்யறோம்."

வேண்டும். ஒப்பனைப் பொருள் விதிகள் 2020-இன்படி, விற்பனைக்குச் செய்கிறவர் யாராக இருந்தாலும் மாநில உரிமம் பெற வேண்டும். விண்ணப்பம் படிவம் காஸ்-5, உரிமம் காஸ்-8. சொந்தக் கூடம் இல்லாவிட்டால், உரிமம் பெற்ற ஒருவரின் கூடத்தில் செய்ய லோன் லைசென்ஸ் உண்டு. 'சளி நீங்கும், மூட்டுவலி போகும்' என்று லேபிளில் எழுதினால் அது மருந்தாகிவிடும், அதற்கான உரிமம் வேறு.

"சோப்பு, கிரீமைத் தவிர வேற எதுக்கு இது போகுது?"

12 கார்பன் கொண்ட லாரில் ஆல்கஹால்தான் சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்கு மூலம், பற்பசையிலும் ஷாம்பூவிலும் நுரைப்பது அது. செட்டோஸ்டீரைலோடு எத்திலீன் ஆக்ஸைடைக் கோத்தால் மேலே சொன்ன செட்டோமேக்ரோகால். பி.வி.சி. வார்ப்பில் வழவழப்புக்கும், அலுமினியத் தகடு உருட்டும் எண்ணெயிலும், காகித ஆலையில் நுரை அடக்கவும் கொழுப்பு ஆல்கஹால் போகிறது.

பயிருக்கு அடிக்கும் ட்ரையகான்டனாலும் இதே குடும்பம்தான், 30 கார்பன். அது வளர்ச்சியைத் தூண்டுகிறது என்பதை 1977-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரீஸ் குழுவினர் குதிரைமசாலில் கண்டறிந்தார்கள். தேன்மெழுகின் முதன்மைப் பொருளும் இந்த ட்ரையகான்டனால் பால்மிட்டிக் அமிலத்தோடு பிணைந்ததுதான். லிட்டருக்கு மில்லிகிராமுக்கும் குறைவான அளவிலேயே வேலை செய்கிற பொருள் அது. கிரீமுக்கு வாங்கிய செட்டைலைக் கரைத்துத் தேயிலைக்கு அடித்தால் எந்தப் பயனும் இல்லை.

"தோட்டத்துக் குளத்துல தண்ணி வத்தாம இருக்க இதைத் தூவலாமாமே?"

உண்மைதான். 1950-களில் ஆஸ்திரேலியாவில் மான்ஸ்ஃபீல்டு என்ற ஆய்வாளர் நீர்த்தேக்கங்களில் செட்டைல் ஆல்கஹாலைப் பரப்பி ஆவியாதலைக் குறைத்துக் காட்டினார். மூலக்கூறுகள் தலையைத் தண்ணீருக்குள்ளும் வாலைக் காற்றிலுமாக வைத்து நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும். ஒரு மூலக்கூறுக்கு 0.2 சதுர நானோமீட்டர் இடம். கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 2 மில்லிகிராம், ஒரு ஹெக்டேர் குளத்துக்கு வெறும் 20 கிராம்.

காற்றுதான் இதற்கு எதிரி. படலத்தைக் கரைக்கு ஒதுக்கிவிடும், திரும்பத் திரும்பத் தூவ வேண்டும். கணக்கிலுள்ள 20 கிராம் நடைமுறையில் பல மடங்காகும். வெயில் கொளுத்தும் சமவெளி ஏரிக்கு அது கட்டுப்படியாகலாம். காற்று ஓயாத, ஆவியாதலும் குறைந்த இந்த மலையில் கட்டுப்படியாகாது. இங்கே குளம் வற்றுவது பெரும்பாலும் அடியில் கசிந்துதான். காற்றும் வெயிலும் இல்லாத ஒரு மூடுபனி வாரத்தில் குச்சி நட்டு நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். அப்போதும் இறங்கினால் களிமண் பூசவேண்டிய குளம் அது.